பகலில் ஓடிய படம்

அத்தியாயம் 14

பெட்டியை மாற்றிவிடலாம் என்று லிஃப்ட்காரர் வாய்விட்டுச் சொன்னபோதே அவர் மனைவி தையலக்காவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். அறுந்த செருப்பைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டி இன்னொரு வருஷம் ஓட்டுகிற மனிதர். ரிமோட்டின் பின்மூடி தொலைந்தபோது ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டு, "இப்பதான் பிடிக்க வசதியா இருக்கு" என்று சொன்னவர். நகரத்திலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்த்துப் பழகிய கை, எதையும் தூக்கிப் போட மனசு வராது. அப்படிப்பட்டவர், டிவிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நெட்டிலிருந்து படம் இழுத்துக் காட்டுகிற அந்தக் குட்டிக் கறுப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று, யாரும் கேட்காமல், தானாகச் சொல்கிறார்.

பெட்டி பழசு என்பது உண்மைதான். பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அது சுற்றி முடிப்பதற்குள் தையலக்கா ஒரு திரைச்சீலைக்கு ஓரம் மடித்துவிடுவாள். ஆனால் அது இன்று நேற்றா சுற்றுகிறது?

போன வாரம் அவள் கண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிவியை அவள் நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம். மடியில் துணி, கையில் ஊசி, காது மட்டும்தான் டிவிக்கு. அன்றைக்குத் தலைவலி என்று வெறுங்கையோடு உட்கார்ந்தவள், 'விட்ட இடத்திலிருந்து பாருங்கள்' என்று திரையில் வரும் வரிசையைப் படித்துவிட்டாள். பாதியில் விட்ட படங்கள். எல்லாம் காதல் படங்கள். மறுநாள் இரண்டு வேளையும் பார்த்தாள்: காலையில் அங்கே இல்லாத ஒன்று மாலையில் முளைத்திருந்தது.

பகலில் அந்த வீட்டில் ஈ காக்கை கிடையாது. அவள் திரைச்சீலைக் கடையின் தையல் அறையில் இருப்பாள். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் படம் பார்ப்பதெல்லாம் சிநேகிதி சந்தா கட்டும் கணக்கில், தன் ஃபோனில். வீட்டுச் சாவி ஒன்று அவளிடம், இன்னொன்று லிஃப்ட்காரரிடம்.

லிஃப்ட்காரரோ காதல் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் குறட்டை விடுகிறவர். தனியாக உட்கார்ந்து பார்ப்பாரா? மாட்டார். அப்படியானால் தனியாகப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் தையலக்காவின் யோசனை நின்றுவிட்டது. அதற்கு மேல் போக அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதர் தன்னிடம் பொய் சொல்கிறாரா இல்லையா, அது ஒன்று தெரியாமல் இனி அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

* * *

"இன்னிக்குதான் கடைசி நாள். பழசைக் கொடுத்தா புதுசுல கழிச்சுக்கறாங்க. மத்தியானம் எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். நீயும் கடையில சொல்லிட்டு வந்துடு. பெட்டியைக் கழட்டிப் பையில போட்டு எடுத்துட்டு வா." சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே லிஃப்ட்காரர் சொன்னார்.

"நம்ம டிவிக்குப் புதுப் பெட்டி எதுக்குங்க? அதுல வர்ற தெளிவெல்லாம் நம்ம டிவியில தெரியவே தெரியாதுன்னு நீங்கதானே போன வருஷம் சொன்னீங்க?"

"அப்ப சொன்னேன்."

"வாயால சொன்னாலே படம் தேடித் தருமாம். அப்ப நாம பேசறதெல்லாம் அது ஒட்டுக் கேட்டுட்டே இருக்கும்னு சொன்னதும் நீங்கதான்."

"நாம என்ன பெரிய ரகசியமா பேசறோம்? கேட்டுட்டுப் போகட்டும்."

"ரகசியம் ஒண்ணும் இல்லையா?"

லிஃப்ட்காரர் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டார். சட்டை ஒரு பக்கம் ஏறி நின்றது. தையல்காரி கண்ணிலிருந்து பொத்தான் தப்புமா? அவள் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இன்னொண்ணு," என்று பொத்தான்களைக் கழற்றி மறுபடி போட்டார். "கணக்கும் புதுசா போட்டுடலாம். பழசுல குப்பை ரொம்ப சேர்ந்துபோச்சு."

"குப்பையா?"

"பாதி பாதியா பாத்த படமெல்லாம் கிடக்குல்ல."

"யாரு பாதியா பாத்தது?"

"யாரு பாத்தா என்ன? வரட்டுமா, நேரமாச்சு." கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

தையலக்கா அந்த மிச்சக் காப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுத்தமான ஆளாக இருந்தால் எதற்கு இவ்வளவு அவசரம்? குப்பை என்று ஒன்று இருந்தால்தானே அள்ளிக் கொட்டத் தோன்றும்?

அவள் சும்மா நிற்கிற ஜாதி இல்லை. டிவியைப் போட்டாள். வட்டம் சுற்றி ஓய்ந்தது. வரிசையில் முதலாவதாக, மழையில் குடையோடு ஒருத்தி ஓடும் படம். அதன் அடியில் எவ்வளவு தூரம் பார்த்தாகிவிட்டது என்று காட்டும் சிவப்புக் கோடு, கால் பங்குக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. தையல் பெட்டியிலிருந்து துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியை எடுத்து, கோடு முடியும் இடத்தில் டிவிக் கண்ணாடி மேலேயே சின்னதாக ஓர் இழுப்பு இழுத்தாள். நிம்மதியாக இருந்தது. அளவு எடுத்தாகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான் அவளுக்கு.

பிறகு கடை முதலாளியம்மாவிடம் தனக்குப் பல்வலி என்று ஃபோனில் சொன்னாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டு நர்ஸின் கதவைத் தட்டினாள்.

"நான் உள்ள இருக்கேன். நீ வெளியில பூட்டிட்டு சாவியை உன்கிட்ட வச்சுக்கோ. நான் ஃபோன் பண்ணினா வந்து திற."

இரவு வேலை முடித்துவிட்டு வந்து படுக்கப் போன நர்ஸ் கண்ணைக் கசக்கினாள். "எதுக்குக்கா, வீட்டுக்குள்ள உக்காந்துட்டு வெளியில பூட்டச் சொல்றீங்க?"

"எலி. ஆள் இல்லன்னு நெனச்சாதான் வருது."

"எலிக்குப் பூட்டு தெரியுமா?"

"எங்க வீட்டு எலிக்குத் தெரியும்."

நர்ஸ் கொட்டாவி விட்டுக்கொண்டே பூட்டினாள். தன் சொந்த வீட்டில், தன் செலவில், தையலக்கா கைதியானாள்.

* * *

படுக்கையறைக் கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்து, அதன் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் வாசல் கதவும் தெரியும், சோபாவும் தெரியும்.

பகலில் தன் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அடுப்படிக் குழாய் சொட்டியது. ஃப்ரிட்ஜ் முனகி அடங்கியது. மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஜன்னல் வழியாக வந்த வெயில் சோபாவின் ஒரு மூலையில் விழுந்திருந்தது. அந்த மூலையில் யார் உட்காருவார்கள் என்று அவள் மனசு படம் வரைந்து பார்த்தது.

லிஃப்ட் கம்பெனியில் ஃபோன் எடுக்கிறவளாக இருக்குமோ? "சார், மூணாவது மாடியில நின்னுடுச்சு சார்" என்று தேன் ஒழுகப் பேசுவாளே, அவளா? அல்லது அந்தப் பெரிய ஆஸ்பத்திரி கட்டடத்து வரவேற்பறைக்காரியா? லிஃப்ட் நின்ற இடமெல்லாம் அவளுக்கு இப்போது சந்தேகமாக இருந்தது. அவர் வந்தால் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தாள். முதலில் கோபமாக. பிறகு அமைதியாக. அமைதியாகக் கேட்டதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

தங்கைக்கு ஃபோன் பண்ணலாமா என்று யோசித்தாள். தங்கை டீச்சர், இந்நேரம் வகுப்பில் இருப்பாள். அவளுக்கென்ன, கொடுத்து வைத்தவள். அவள் வீட்டுக்காரர் தேய்த்த சட்டையும் பையுமாகக் காலையில் ஆபீஸ் போவார், சாயங்காலம் கடிகாரம் மாதிரி திரும்புவார். சந்தேகம் என்ற சொல்லுக்கே அந்த வீட்டில் வேலை இல்லை. அக்காவுக்கு ஒரு நிமிஷம் பொறாமையாகவே இருந்தது.

படியில் காலடிச் சத்தம்.

தையலக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காலடி வாசலுக்கு வந்து நின்றது. பூட்டை யாரோ தூக்கிப் பார்த்து விட்டார்கள்; அது கதவில் மோதியது.

"வீட்டுல யாரும் இல்ல போல. பக்கத்துல குடுத்துடவா?" வெளியே கூரியர்காரன் யாரிடமோ ஃபோனில் கேட்டுக்கொண்டே கீழே இறங்கிப் போனான்.

அதோடு சரி. வேறு யாரும் வரவில்லை. வெயில் சோபாவை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது. கால் மரத்துப்போய், இடுப்பு பிடித்துக்கொண்டு, கடைசியில் தன் மேலேயே கோபம் வந்து அவள் எழுந்தாள். பாவம், மனுஷன் எங்கேயோ கிரீஸும் அழுக்குமாக வேலை செய்துகொண்டிருக்கிறார், நான் இங்கே ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தாள். பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை டிவியைப் போட்டாள்.

சிவப்புக் கோடு சாக்குக் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. பாதிப் படம் முடிந்திருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தாள். சாக்குக் கோடு அழியவில்லை, நகரவில்லை. கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை வைத்து அளந்தாள். தப்பில்லை. பூட்டு வெளியே தொங்குகிறது, டிவி இவ்வளவு நேரமும் அணைந்து கிடந்தது, படம் மட்டும் ஓடியிருக்கிறது. வேறொரு பக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்ப வந்து பார்த்தாள். கோடு இன்னும் நூலளவு முன்னேறியிருந்தது.

பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. பார்த்ததெல்லாம் பெட்டிக்குள்தான் சேர்ந்து கிடக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். டிரங்குப் பெட்டிக்குள் துணி கிடப்பதுபோல. அப்படியானால் பெட்டிக்குள் கை விடுவது யார்?

அவசரமாகப் பெட்டியைப் பிடுங்கினாள். ஒயரைச் சுற்றிப் பையில் போட்டாள். நர்ஸுக்கு ஃபோன் அடித்தாள்.

"எலி கிடைச்சுதா?" என்று கேட்டபடி நர்ஸ் பூட்டைத் திறந்தாள்.

தையலக்கா அவளையும் ஏற இறங்கப் பார்த்தாள். சாவி இவளிடம்தானே இருந்தது? பிறகு அவள் கன்னத்தில் தலையணையின் தடம் பதிந்திருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டுப்போனாள்.

* * *

கடையில் வரிசையாக டிவிகள் ஒரே பூவைக் காட்டிக்கொண்டிருந்தன. லிஃப்ட்காரர் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருந்த விற்பனைக்காரம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் புதுப் பெட்டியின் நல்ல குணங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேகமானது. இனி வரப்போகும் சில சேனல்கள் பழசில் ஓடாது, இதில் ஓடும். ரிமோட்டைப் பார்த்துப் பேசினால் போதும்.

"அதெல்லாம் சரிங்க. கணக்கு மட்டும் புதுசா போட்டுக் குடுத்துடுங்க," என்றார் லிஃப்ட்காரர்.

"எதுக்கு சார்? பழைய கணக்கையே இதுல போடலாம். நீங்க பாத்து விட்டதெல்லாம் அப்படியே வந்துடும்."

"வர வேண்டாம்."

"வரட்டும்," என்றாள் தையலக்கா.

விற்பனைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் பார்க்காத புருஷன் பெண்டாட்டி சண்டையா?

தையலக்கா பையிலிருந்து பழைய பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். இதுக்குள்ள இருக்கறதை, ஆள் இல்லாதப்ப யாராவது பாக்க முடியுமா?"

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே. இது சும்மா குழாய் மாதிரி. பாத்தது, விட்டது எல்லாம் கணக்குலதான் இருக்கும். இந்தக் கணக்கு எந்தெந்த வீட்டு டிவியில போட்டிருக்கோ, அங்கெல்லாம் ஒண்ணாத் தெரியும்."

"எங்க கணக்கு எங்க வீட்டுல மட்டும்தானே இருக்கு?"

"இருங்க, பாத்துடலாம். சார், உங்க ஃபோனைக் குடுங்க."

லிஃப்ட்காரர் கொடுக்கவில்லை. தையலக்கா அவர் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்துக் கொடுத்தாள். விற்பனைக்காரம்மா இரண்டு தட்டு தட்டினாள்.

"ரெண்டு வீட்டுல இருக்கு. ஒண்ணு இந்தப் பெட்டி, இப்ப கழட்டியிருக்கீங்க. இன்னொரு வீட்டுல இதோ, இப்பகூட ஓடிட்டிருக்கு."

இன்னொரு வீடு.

தையலக்காவுக்கு அந்தக் கடை, டிவிகள், பூக்கள் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த இன்னொரு வீடு யாரோடதுங்க?"

"வெளியில வா. சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க."

"வான்னு சொல்றேன்ல." அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அது அவளை இன்னும் கலவரப்படுத்தியது.

* * *

கடைக்கு வெளியே, ஆளில்லாத படிக்கட்டில் நின்றார்கள்.

"உன் தங்கச்சி வீடு," என்றார் லிஃப்ட்காரர்.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. போன வருஷம் தங்கை வீட்டில் இவர்தான் பெட்டி மாட்டிக் கொடுத்தார். தனித்தனியாக எதற்கு என்று தங்கள் கணக்கையே அங்கேயும் போட்டுவிட்டு வந்தார். கஞ்சப்பிசினாரி என்று அவள் அன்றைக்கே திட்டியிருக்கிறாள். திட்டியதோடு மறந்தும் போனாள்.

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சிரிப்புக்கூட வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"அவ ஸ்கூல்ல இருக்கா. அவ வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருக்கார். அங்க யாரு படம் பாக்கறது?"

லிஃப்ட்காரர் தெருவைப் பார்த்தார்.

"சகலைக்கு வேலை போயிடுச்சு. நாலு மாசம் ஆச்சு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் ஆபீஸ் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு கூப்பிட்டாங்க. போய்க் கதவைத் தள்ளினா, உள்ள சகலை. தனியா. கையில ஒரு அட்டைப் பெட்டி, அவர் மேசைச் சாமானெல்லாம் அதுல. அன்னிக்குதான் அனுப்பியிருக்காங்க. என்னைப் பாத்ததும் பெட்டியை முதுகுக்குப் பின்னால மறைச்சாரு. அவ்வளவு பெரிய பெட்டியை எங்கேம்மா மறைக்கறது? கையைப் பிடிச்சுட்டு, 'வேற வேலை கிடைச்சதும் நானே சொல்லிக்கறேன், யாருக்கும் தெரிய வேண்டாம்'னாரு. கிடைக்கல."

"அப்ப தினமும் காலையில கிளம்பறாரே?"

"கிளம்பறாரு. உன் தங்கச்சி ஸ்கூலுக்குப் போனதும் திரும்ப வந்துடறாரு. வேலைக்கு எழுதிப் போடறாரு, ஃபோன் பண்றாரு. எவ்வளவு நேரம்தான் பண்ணுவாரு? வீடு ரொம்ப அமைதியா இருக்காம், தாங்க முடியலையாம். அதான் எதையாவது ஓட விடறாரு. அவ வர்றதுக்குள்ள நிறுத்திட்டு வெளியில போய், ஆபீஸ்ல இருந்து வர்ற மாதிரி வரணும். ஒரு படத்தையும் முடிச்சதில்ல. அழிச்சுடுங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். சில நாள் அழிக்கறாரு. பல நாள் மறந்துடறாரு."

அவளுக்கு அந்த வரிசை கண் முன்னால் வந்தது. பாதிப் பாதியாக நின்ற அத்தனை படங்கள். ஒவ்வொன்றும் அந்த மனிதர் எழுந்து சட்டை மாட்டிக்கொண்ட நேரம்.

"நாலு மாசமா எங்கிட்ட மறைச்சீங்க."

"ஆமா."

"என் தங்கச்சி விஷயம். எங்கிட்டயே."

"நீ அவகிட்ட ஒரு நாள்கூட மறைக்க மாட்ட. அதான். போன வாரம் நீ அந்த வரிசையைப் படிச்சுட்டு உக்காந்திருந்ததைப் பாத்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், பெட்டியை மாத்திடணும்னு."

"நான் உங்களை என்னென்ன நெனச்சேன் தெரியுமா?"

"தெரியும். காலையில என் சட்டைப் பொத்தானைப் பாத்தியே, அதுலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தீங்க?"

"என்னைத்தானே நெனச்ச. நெனச்சுட்டுப் போ. நீ தாங்குவ, நானும் தாங்குவேன். அவங்க வீடு இப்ப தாங்காது."

தையலக்காவுக்குக் கோபத்தில் அழுகை வந்தது, அழுகையில் கோபம் வந்தது. பொய் சொல்லிவிட்டார். ஆனால் அவள் பயந்த பொய் இல்லை. இந்த மனிதரை அடிக்கலாமா, கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்வதற்குள் அவளுடைய சந்தேகப் புத்தி மறுபடி விழித்துக்கொண்டது. அது அவளோடு பிறந்தது, சும்மா இருக்காது.

"இருங்க. நாம புதுக் கணக்குக்குப் போயிட்டா, பழசுல அவங்க வீடு மட்டும்தானே இருக்கும்?"

"ஆமா."

"அப்ப பகல்ல ஓடற படத்தை ஒரு நாள் என் தங்கச்சி பாத்தா, இது நம்ம வீட்டுலதான்னு அவளுக்கு உடனே தெரிஞ்சுடாதா? இப்பவாவது ரெண்டு வீட்டுதும் கலந்து கிடக்கு. யாரு பாத்ததுன்னு சொல்ல முடியாது."

அத்தனை லிஃப்டுகளின் கோளாறைக் கண்டுபிடித்தவருக்கு இது தோன்றவே இல்லை.

"மாத்தக் கூடாதுங்க. வட்டம் சுத்தினா சுத்தட்டும். பழசே இருக்கட்டும்."

அவள் உள்ளே போய், மேசையில் கிடந்த பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். விற்பனைக்காரம்மா பின்னாலேயே வந்து, நாளைக்கு இந்தக் கழிவு கிடைக்காது என்றாள். கிடைக்காமல் போகட்டும்.

பையை மூடும்போது ஃபோன் அடித்தது. தங்கை.

"இந்நேரத்துல எப்படிடி? ஸ்கூல் இல்லையா?"

"தண்ணி மோட்டார் ரிப்பேர், பிள்ளைங்களை அனுப்பிட்டாங்க. அக்கா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"மாமா வேலைக்குப் போறாராக்கா?"

தையலக்கா லிஃப்ட்காரரைப் பார்த்தாள். அவர் கையில் கிரீஸ் கறை இருந்தது.

"ஏன் கேக்கற?"

"எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா முழுங்கிட்டிருக்கேன். ரெண்டு வீட்டுக்கும் ஒரே கணக்குதானே, உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ. பகல்ல படம் ஓடுதுக்கா. எங்க வீடு பூட்டிக் கிடக்கு. நான் ஸ்கூல்ல, இவரு ஆபீஸ்ல. நீ கடையில. அப்ப மாமாதானே வீட்டுல இருக்கணும்? அவருக்கு வேலை போயிடுச்சுன்னு உனக்குத் தெரியுமா, இல்ல உங்கிட்டயும் மறைக்கறாரா? எதுவானாலும் சொல்லு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அதே வரிசையை, அதே சிவப்புக் கோட்டைத் தங்கையும் பார்த்திருக்கிறாள். அக்காவுக்கு ஒரு பெண் தோன்றினாள். தங்கைக்கு வேலை போன ஒரு மனுஷன் தோன்றினான். தங்கையின் மனசு நல்ல மனசு. ஆள்தான் மாறிப்போனான்.

ஃபோனுக்கு வெளியே கசிந்த குரல் லிஃப்ட்காரருக்கும் கேட்டுவிட்டது. ஆள்காட்டி விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். என் தலையில் போடு என்றார் கண்ணால்.

தங்கையிடம் ஒரு நாள்கூட மறைக்க மாட்டாள் என்று சற்று முன்தான் அவர் சொன்னார். ஒரு நாள் எதற்கு, பொய் சொல்லி மறைக்க ஒரு நிமிஷம்கூட அவளுக்குத் தேவைப்படவில்லை.

"ஆமாடி," என்றாள் தையலக்கா. "மாமாவுக்கு வேலை இல்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இத்தனை நாளா ஏன்க்கா மறைச்ச? எங்கிட்டயே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சரி விடு. நான் என்ன வேத்து ஆளா? நான் இப்ப இவரு ஆபீஸ் வாசல்லதான் நிக்கறேன். சீக்கிரம் விட்டுட்டாங்களே, இவரையும் கூட்டிட்டு வீட்டுக்குப் போலாம்னு வந்தேன். அவ்வளவு பெரிய கட்டடம், மாமா மாதிரி கைத்தொழில் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு வேலை இருக்காதா? மேல போய் இவருகிட்டயே சொல்றேன். இவரு சொன்னா அங்க கேப்பாங்க."

"ஏய், இரு. அங்க போகாத. நான் சொல்றதைக் கேளு..."

"நீ வெக்கப்படாதக்கா. உனக்காக இவரு இதைக்கூடச் செய்ய மாட்டாரா? வைக்கறேன், பேர் எழுதிட்டு உள்ள போகச் சொல்றாங்க."

வைத்துவிட்டாள். தையலக்கா திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"என்னம்மா சொன்னா?"

"உங்களுக்கு வேலை வாங்கித் தர மேல போறா." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அவ வீட்டுக்காரர்கிட்ட."

லிஃப்ட்காரர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். இன்னொரு கையால் ஃபோனை எடுத்து அடித்தார். உடனே எடுத்தார்கள். பின்னணியில் மழையும், ஒரு பெண் யாரையோ கூப்பிட்டு அழுவதும் கேட்டது.

"சகலை, படத்தை நிறுத்துங்க," என்றார்.